குதிரைக்கு நாலு முழம் பூ

"கயிறு, பட்டினி, முதுகுல ஒரு மணல் மூட்டை. எந்தக் குதிரையும் நாலு நாள்ல தலையைக் குனிஞ்சிடும்" என்றார் முனுசாமி.

"அதெல்லாம் உன் காலம், நைனா. கிட்ட உக்காந்து வெல்லம் காட்டணும். அதுவா வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும்" என்றான் மகன் லோகேஸ்வரன். அவன் யூடியூபில் பார்த்தவன்.

செவிலிமேட்டில் அவர்கள் வீட்டுக் கொட்டகையில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிற குதிரைகள் ஏற்கனவே ரெண்டு உண்டு. இது மூணாவது. பாலாற்று மணலில் ஆளில்லாமல் திரிந்த பெண்குதிரை. நாலு பேர் சேர்ந்து பிடித்து வந்து அஞ்சு நாள் ஆகிறது. இன்னும் யாரையும் கிட்டச் சேர்க்கவில்லை. சேணத்துக்கு வயிற்றுப் பட்டை கட்டப் போனால் பின்னங்கால் பறக்கும். முனுசாமி தொடையில் ஒரு உதை வாங்கி நொண்டிக்கொண்டிருந்தார்.

காலையில் அப்பா தீவனத்தை நிறுத்துவார். மத்தியானம் மகன் தெரியாமல் வெல்லம் வைப்பான். நீ குடுக்கிற செல்லத்தில்தான் அதுக்குத் திமிர் என்று அவர் திட்ட, உன் கயிற்றைப் பார்த்துத்தான் அது மிரளுது என்று இவன் சொல்ல, தெருவே ரெண்டு கட்சியாகிவிட்டது. எதிர்வீட்டு டேனியல் மட்டும் ரெண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, பேசாமல் அதுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைங்க, தானா அடங்கிடும் என்று சிரித்தான்.

கடைசியில் முனுசாமி கெடு வைத்தார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள் பட்டை கட்ட விடவில்லை என்றால் புரோக்கர் லாரியில் ஏற்றிவிடுவது. அந்த லாரியில் போனது எதுவும் உயிரோடு இருந்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

லோகேஸ்வரனின் மனைவி சுகாசினி இதில் வாயே திறக்கவில்லை. மாமனார் எதிரில் அவள் பேசுவதே கம்மி. கைக்குழந்தை அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்று பார்ப்பாள். குதிரை யாரையும் பார்க்காது. ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். அபி அழுதால் மட்டும் காது ரெண்டும் இந்தப் பக்கம் திரும்பும்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது, அதுக்குக் குட்டி இருந்துதா என்று மட்டும் கணவனிடம் கேட்டாள்.

இருந்ததாம். பைபாஸில் லாரி அடித்துவிட்டதாம். செத்துப்போன குட்டியை விட்டு நகராமல் நின்றதால்தான் இதைப் பிடிக்கவே முடிந்ததாம். சொல்லிவிட்டு அவன் ரசம் கேட்டான்.

மறுநாளே பூக்கார சம்பூர்ணம், தெருவில் போன முனுசாமியை நிறுத்தினாள்.

"உன் மருமவ நாலு முழம் மல்லி வாங்கிச்சுண்ணே. தலையில ஒரு பூ கூட காணோம். இன்னான்னு கேளு."

அவர் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாளும் நாலு முழம், அதற்கடுத்த நாளும் நாலு முழம் என்று சம்பூர்ணம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். இது வேற எங்கியோ போய் நிக்கப் போவுது என்று ஒரு மாதிரி இழுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகனும் ஐயம்பேட்டையில் ஒரு ஊர்வலத்தை முடித்துவிட்டுச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கொட்டகையில் பூ வாசனை அடித்தது.

உள்ளே சுகாசினி நின்றிருந்தாள். தன்னுடைய பழைய நூல்புடவையைக் குதிரையின் பின்னங்கால் ஓரமாக அடிவயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து முதுகின் மேல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். புடவை ஓரத்தில் மல்லிப்பூ பிதுங்கித் தெரிந்தது. தரையில் ஆவி பறக்க வெந்நீர்ச் சொம்பு. குதிரை அசையாமல் நின்றது.

முனுசாமி எட்டி நின்றே குதிரையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "பட்டினி போட்டது வீண் போவல" என்றார்.

"வெல்லம், நைனா" என்றான் லோகேஸ்வரன்.

அதற்கும் ஒரு சண்டை நடந்தது. முடிவில் முனுசாமி, லாரியை வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னார். மருமவ குதிரைக்கு அலங்காரம் பண்ணி விளையாடுது பார் என்று சிரித்துக்கொண்டே, நொண்டி நொண்டி வீட்டுக்குள் போனார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் சுகாசினி பேசினாள்.

"அலங்காரம் இல்லைங்க. மடி கல்லு மாதிரி கட்டிக்கினு இருந்துது. வயித்துல பட்டையை இறுக்குனா வலி அது வரைக்கும் இழுக்கும், உதைக்காம இன்னா பண்ணும்? மொத நாள் அபியோட போனேன், கிட்டச் சேர்த்துச்சு. வெந்நி ஒத்தடம் குடுத்து, கொஞ்சமா பீச்சிவிட்டேன். முழுசா பீச்சுனா மறுபடி ஊறும். மேல மல்லிப்பூ வெச்சுக் கட்டுனா பால் வத்திடும்."

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"மாமா முன்னாடி எப்படிங்க சொல்லுவேன்?"

லோகேஸ்வரன் கையை நீட்டிக் குதிரையின் கழுத்தைத் தொட்டான். அது விலகவில்லை. தடவிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"அபி இன்னும் பால் குடிக்கிறான். பால் வத்துற வைத்தியம் உனக்கு எப்படித் தெரியும்?"

சுகாசினி சொம்பைக் கையில் எடுத்தாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"நம்ம மூத்தவளை ஆத்தங்கரையில புதைச்சுட்டு வந்தீங்களே, அன்னிக்கு எங்கம்மா எனக்கு வெச்சுக் கட்டுனாங்க. கிட்ட வந்து புடிச்ச உங்களை நான் தள்ளிவிட்டேன் இல்ல... அது உங்க மேல கோவம் இல்லைங்க. வலி."