ராஜா ஜோடி

"கையில பெரிய ஜோடி இருக்குன்னு மூஞ்சியே சொல்லுது, ஏண்டி பந்தயம் கட்டாம—"

"முதல்ல கட்ட வேண்டியவ நான். உங்க கையில என்ன இருக்குன்னு தெரியாம—"

"ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காசு கட்டுற ஆட்டம். அதுக்கா பயந்து ஓடிடுவேன்?"

"அன்னைக்கு ஓடினீங்களே. நான் கட்டினதும் சீட்டைக் கவுத்துட்டு, காத்து வாங்கப் போறேன்னு வெளிய போனீங்க."

அவள் இரண்டு ராஜாக்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மருமகள் உள்ளே வந்து, துவைத்த துணியை எதிர் நாற்காலியில் குவித்தாள். "தனியா ஆடுறதுக்கு எதுக்கு அத்தை ரெண்டு பேர் சீட்டு?"

அன்று காற்று வாங்கப் போனவரை நாலு பேர்தான் தூக்கி வந்தார்கள்.

அவள் துணியையெல்லாம் அவசரமாக அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு, காலி நாற்காலியிடம் சொன்னாள்:

"நான் பந்தயம் கட்டலைங்க. எழுந்து போயிடாதீங்க."