கூண்டில் உட்காரும் முறை

அந்தி சாயும்போது எங்கள் தெருவில் ஒருவர் வலைக்கூண்டுக்குள் போய் உட்கார வேண்டும். மனித வாடைக்குக் கொசுக்கள் வந்து வலையில் மொய்க்கும். வெளியே சுற்றும் மின்விசிறி அவற்றை இழுத்துப் பைக்குள் தள்ளிவிடும். கொசுவுக்குப் புகை மருந்து அடித்துத் தேனீக்களும் செத்துப்போன வருஷம், மாடித் தோட்டங்களில் ஒரு பூசணிகூடக் காய்க்கவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு. வீட்டுக்கு ஒரு நாள் முறை.

போன வாரம் என் முறை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் மகள் நிலானியை உட்காரச் சொன்னேன்.

இன்று தெருச் சங்கச் செயலாளர் சகாயராஜ் ஒரு பாட்டில் தேனோடு வந்தார். பின்னால் தெருவே நின்றது.

“அன்னிக்குப் பை ரொம்பி வழிஞ்சுதும்மா. யாருக்கும் இப்படி வந்ததில்ல. இனிமே தினமும் பாப்பாவே உக்காரட்டும்.”

“சின்னக் குழந்தைங்க அது!”

“வலைக்குள்ளதானே இருக்கா, என்ன ஆயிடப்போகுது? எங்க வீட்லயும் கைக்குழந்தை இருக்கு. கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எதிர்வீட்டு மெர்சி கையில் ஒரு குட்டி நாற்காலி வைத்திருந்தாள்.

“நாளைக்குச் சொல்றேன்” என்று கதவைச் சாத்தினேன். வாடை தெரியக்கூடாதென்று நிலானிக்கு உடம்பெல்லாம் வேப்பெண்ணெய் தடவினேன். காதுக்குப் பின்னால் கை போனதும் நெளிந்தாள்.

“அங்கதாம்மா கடிச்சுது. வலையில ஓட்டை இருந்துச்சு. நீ திட்டுவேன்னு சொல்லல.”

அப்போதுதான் அவள் கழுத்து சுடுவது என் கைக்கு உறைத்தது.

வெளியே, கூண்டுக்குள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.