இமேஷாவின் தமிழ்

“என்ன!”

பந்து யதுஷாவின் காலுக்கு வந்து சேருமுன்பே அந்தச் சத்தம் வந்துவிட்டது. கோல் கம்பத்துக்கு அருகில் நின்ற அணித் தலைவி இமேஷா கையை வீசி மறுபடியும் கத்தினாள். “என்ன! என்ன!”

யதுஷாவின் கால் தயங்கியது. பந்தைப் பின்னால் நின்ற பிள்ளைக்குத் தட்டிவிட்டுக் கோட்டோரமாக ஒதுங்கினாள்.

யாழ்ப்பாணத்தில் இதே இடது ஓரத்தில் அவள் ஓடத் தொடங்கினால் பிடிக்க ஆளில்லை. அம்மாவுக்கு இடமாற்றம் கிடைத்துக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகு, அந்தக் கால்கள் எங்கே போயின என்று அவளுக்கே தெரியவில்லை. பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் இப்போது விளையாடுகிறாள்.

மற்றப் பிள்ளைகள் தங்களுக்குள் சிங்களத்தில் கதைத்துச் சிரிப்பார்கள். தண்ணீர்ப் போத்தலை நீட்டும்போது அவளைப் பார்த்தும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைப் பார்த்தபடி தள்ளிப்போய் உட்காருவாள்.

அந்த மைதானத்தில் அவளுக்கு விளங்குகிற ஒரே சொல் இமேஷாவுடையது. தன்னை ஏசுவதற்கென்றே ஒரு தமிழ்ச் சொல்லைப் பழகி வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

கொழும்பில் எல்லாரும் அப்படித்தான் போலிருந்தது. நேற்றுப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனபோது கடைக்காரர்கூடச் சிரித்த முகத்தோடு, “என்ன, என்ன” என்றார். கடை வாசலில் நிற்பதற்கும் காரணம் சொல்ல வேண்டுமா என்று அவள் பாண் வாங்காமலே திரும்பிவிட்டாள்.

“பந்தடி எப்பிடிப் போகுது பிள்ளை?” என்று அம்மா கேட்டால், “நல்லாப் போகுது” என்பாள். அம்மாவுக்கும் இங்கே கதைக்க ஆளில்லை. அவளுடைய கவலையையும் ஏன் கூட்ட வேண்டும்?

வருகிற சனிக்கிழமை முதல் மெட்ச். அன்றைய பயிற்சியில் இடைவேளை விட்டதும் யதுஷா பையைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு நடந்தாள். பைக்குள் பதினோராம் இலக்க ஜேர்சி மடிப்புக் குலையாமல் இருந்தது.

கேற்றடி மதிலில், விரலில் கட்டுப் போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

“நீங்கதானே புதுசா வந்த யாழ்ப்பாணப் புள்ள? நான் ஷபீகா. கோல்கீப்பர். வெரல் வீங்கி ரெண்டு கெழமயா வரக் கெடைக்கல்ல.”

தமிழைக் கேட்டதும் யதுஷாவுக்குக் கண் கலங்கியது. ஜேர்சியை எடுத்து ஷபீகாவின் மடியில் வைத்தாள்.

“இதைக் கோச் சேரிட்டைக் குடுத்துவிடுங்கோ. நான் இனி வரேல்லை.”

“ஏன்? சனிக்கெழம மெட்ச் ஈக்கிதானே!”

“என்னால ஏலாது. பந்தைக் கண்டாலே கால் நடுங்குது. இமேஷா அக்கா ஒவ்வொருக்காவும் ஏசுறா.”

“இமேஷாவா? அவ பூனைக்குக்கூட ஏச மாட்டா. நேத்துப் போன்ல முழுக்க ஒங்கட கததான். காத்து மாதிரி ஓடுறீங்களாம். ஆனா கிட்டவே வாறீங்க இல்லயாம்.”

யதுஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லது சொல்வதென்றால் தன்னிடமல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அப்போது மைதானத்தின் நடுவிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. இமேஷா இரண்டு கைகளையும் உயர்த்தியபடி ஓடி வந்துகொண்டிருந்தாள். “யதுஷா! என்ன! என்ன!”

“பாருங்கோ.” யதுஷா மைதானத்தைக் காட்டினாள். “போகேக்குள்ளயும் விடுறா இல்லை. என்ன, என்ன எண்டு நான் என்னத்தைச் சொல்ல?”

ஷபீகா சிரித்துவிட்டாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, ஜேர்சியை அவள் கையிலேயே திணித்தாள்.

“அடியேய், சிங்களத்துல ‘என்ன’ண்டா ‘வா’ண்டு அர்த்தம்!”