அரை மணி ரெஸ்ட்

"கேரவன்ல ஏசி நின்னுடுச்சுங்க. உள்ள ஆள் இருக்காங்க, உடனே வாங்க."

சினிமா கம்பெனி மேனேஜர் அருண்பிரசாத் போனில் சொன்னது இவ்வளவுதான். வேணு நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். மைன்ஸில் பதினாலு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஷிப்ட் இல்லாத நேரத்தில் வண்டிகளுக்கு ஏசி பார்ப்பான். மே மாச மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்தது. அவசரம் என்கிறார்களே என்று டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மைன்ஸ் ஓரத்து மண்மேட்டில் ஷூட்டிங். போய் இறங்கியதுமே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் நடிக்க வந்த நம்ம பக்கத்து ஜனம் நூறு பேர், கூடையும் மண்வெட்டியுமாக ஒரு கிழிந்த படுதா நிழலுக்குள் முண்டியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வேலை எதுவும் நடக்கவில்லை. ஏன் என்று மேனேஜரைக் கேட்டான்.

"ஹீரோயின் மேடம் கண்டிஷனா சொல்லிட்டாங்க. ஏசி ஓடற வரைக்கும் ஷாட் கிடையாதாம்."

அது போதாதா வேணுவுக்கு? பர்மனன்ட் ஆளுங்க கன்ட்ரோல் ரூம் குளிர்ச்சியில் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்க, வெளியே வெந்து சாகிற ஜாதி அவன். அந்த ரூமில் ஏசி நின்றுபோனால் ஓட ஓட விரட்டுவதும் அவனைத்தான்.

கேரவன் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தது. கட்டில், கண்ணாடி, பாத்ரூம் எல்லாம் வைத்த வண்டி. வாசலில் நின்ற உதவியாளப் பெண் அவனை உள்ளே விடவில்லை. மெஷின் கூரை மேலேதானே இருக்கிறது, அங்கேயே பாருங்கள் என்றாள். ஆமாம், நாம் ஏறினால் வண்டி அழுக்காகிவிடும் பாரு என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறினான்.

மூடியைக் கழற்றினால் மைன்ஸ் தூசி விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தது. தூசியைத் தட்டி, வேறு கெப்பாசிட்டர் மாட்ட இருபது நிமிஷம் ஆனது. இனி சுவிட்சைப் போட வேண்டியதுதான்.

அவன் போடச் சொல்லவில்லை.

இறங்கி வந்து மேனேஜரிடம், "கம்ப்ரசர் ரொம்ப சூடாயிருக்குதுங்க. அரை மணி ரெஸ்ட் குடுக்கணும். இப்ப போட்டா எரிஞ்சிடும்" என்றான்.

டீக்குப் போக நினைக்கிற ஏசி மெக்கானிக் எடுத்துவிடுகிற பொய்தான் இது. மூணு நிமிஷம் விட்டாலே போதும். ஆனால் ரெஸ்ட் என்று சொல்லிவிட்டால் எதிர்க்கேள்வி கேட்க யாருக்கும் தைரியம் வராது. மேனேஜர் முகம் வாடி, கேரவன் வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தார். மேடம் சரி என்றுவிட்டார்களாம்.

வேணு தன் பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டோர டீக்கடைக்குப் போனான். கடைக்காரரிடம் கதையைச் சொல்லி, "மகாராணி அரை மணி வேவட்டும்" என்று சிரித்தான். அந்த நூறு பேருக்காக நியாயம் கேட்டுவிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. இன்னொரு டீ சொன்னான்.

திரும்பி வந்து சுவிட்சைப் போடச் சொன்னதும் ஏசி சமர்த்தாக ஓடியது. காற்று குளிர்ச்சியாக வருகிறதா என்று பார்க்க இப்போது அவனை உள்ளே விட்டார்கள்.

கட்டிலில் படுத்திருந்தது தனபாக்கியம் அக்கா.

மைன்ஸ் கேன்டீனில் கூட்டிப் பெருக்குகிற கான்ட்ராக்ட் அக்கா. உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு ஷூட்டிங்குக்கு வந்தவள், கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கான்ட்ராக்டர் காதுக்கு விஷயம் எட்டும், இருக்கிற வேலையும் போய்விடும் என்று வர மறுத்திருக்கிறாள். நர்ஸ் ஒருத்தர் வந்து பார்த்து, குளிர்ச்சியான இடத்தில் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார். படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றுவிட்டது. புடவையைத் தளர்த்தி ஈரத்துணி போட்டிருந்தார்கள், அதற்குத்தான் திரை; இப்போதுதான் மேலே போர்த்திவிட்டிருந்தார்கள்.

கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள் கதாநாயகி. மேக்கப் கழுத்துவரை வழிந்திருந்தது. வசனப் பேப்பர் அட்டையால் அக்காவுக்கு விசிறிக்கொண்டிருந்தவள், காற்று வந்த பிறகும் நிறுத்தவில்லை.



அக்கா மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். "வேணுவா? மூச்சு முட்டிக்கினு கெடந்தேன்டா. வந்தது நீதான்னு தெரிஞ்சிருந்தா தைரியமா இருந்திருப்பேன்."

அவள் கையைப் பிடித்தான். சுட்டது. அதில் அரை மணி நேரச் சூடு அவன் கொடுத்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தான்.

கதாநாயகி எழுந்து, "ரெஸ்ட் போதுமாண்ணே? அவசரப்பட்டுப் போட்டுட்டோமா? மறுபடி நின்னா இவங்க தாங்க மாட்டாங்க" என்றாள்.

"போதும்மா." அவன் தலை நிமிரவே இல்லை.

வாசலில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். ஏசிதான் வந்துவிட்டதே, இந்த அம்மா இங்கேயே படுத்திருக்கட்டும், மேடம் வந்தால் கூட்டத்தைக் கிளப்பி ஷாட்டை ஆரம்பித்துவிடலாம் என்று டைரக்டர் கேட்பதாகச் சொன்னார்.

கதாநாயகி வேணுவைக் கைகாட்டினாள்.

"அண்ணன் சொன்னாரு, கேட்டீங்கல்ல? சூடாயிட்டா மெஷினுக்கே அரை மணி ரெஸ்ட் குடுக்கணுமாம். வெளியில இருக்கறவங்க மனுஷங்க சார். வெயில் தாழற வரைக்கும் குடுங்க."