மாவு மில்லுக்கு ஒரு பெட்டி

"சூட்டைத் தணிக்க உள்ள ஃபேனே இல்லாம கம்ப்யூட்டரா? ஒரு வாரம் தாங்காது," என்று உதட்டைப் பிதுக்கினாள் மனைவி.

இன்ஜினியர் விடவில்லை. இருந்த வேலையையும் உதறிவிட்டு, செங்கல் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி செய்து முடித்தார். தூசி நுழைய ஊசித்துளைகூடக் கிடையாது. உள்ளே உண்டாகும் சூடெல்லாம் மேல்மூடியில் வரிவரியாக நிற்கும் தகடுகள் வழியே வெளியேறிவிடும்.

முதல் பெட்டி மாவு மில்லுக்குப் போனது. வெக்கையிலும் மாவுத்தூசியிலும் மற்ற கம்ப்யூட்டர்கள் மூச்சுமுட்டிச் செத்த இடம் அது.

ஒரு மாதம் கழித்து மில் முதலாளியம்மாவிடமிருந்து போன்.

"தம்பி, உங்க பெட்டி பிரமாதம்! ராப்பகலா ஓடுது. இன்னும் பத்து வேணும்."

இன்ஜினியர் போனை ஸ்பீக்கரில் போட்டார். மனைவியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார்.

"தூசி ஏதாச்சும் பண்ணுச்சாம்மா?"

"ஒண்ணும் பண்ணல."

"சூடு?"

"அதுதான் தம்பி அருமை! கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"கணக்கெல்லாம் வேகமா போடுதா?"

"கணக்கா? அதை குமாஸ்தா கையாலயே எழுதிடுவாரு. மாவு பறக்குற இடத்துல அடுப்பு பத்தவைக்கக் கூடாதுல்ல? உங்க புண்ணியத்துல ஆளுங்க இப்பதான் சூடா சாப்பிடுறாங்க. ஒரே ஒரு குறைதான்."

மீசையிலிருந்து கை தானாக இறங்கியது. "என்னம்மா?"

"மேல்மூடியை மட்டும் தட்டையா செஞ்சு குடுங்க. பாத்திரம் ஆடுது."