ரெண்டு அடுப்பு, ரெண்டு குடும்பம்

"இன்னாடி கொழம்பு இது? நாய்கூட மோந்து பாக்காது!"

லோகநாயகி போட்ட சத்தத்தில் முத்தாபுதுப்பேட்டையில் பாதித் தெரு எட்டிப் பார்த்தது.

"நீ ஆக்குறதை மட்டும் யார் துன்றாங்களாம்? போ, உன் அடுப்பாண்ட போ!" என்று வீட்டின் பின்பக்கமிருந்து மருமகள் வனஜா கத்தினாள்.

வாசலில் மொபெட்டை நிறுத்திய கூட்டுறவு ஆபீசர் பார்த்தசாரதி முகத்தைச் சுளித்தார். அதைப் பார்த்த லோகநாயகிக்கு அப்பாடா என்றிருந்தது. நாடகம் களை கட்டிவிட்டது!

வேறு வழியில்லை. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினால், சத்துணவுப் பிள்ளைகளின் சீருடைத் துணியை அரசாங்கமே தைக்கக் கொடுக்கும். மிஷினுக்கு மானியமும் உண்டு. ஆனால் இருபத்தைந்து பெண்கள் சேர வேண்டும், அதுவும் ஒரு குடும்பத்துக்கு ஒருத்திதான் என்று சட்டம் கொக்கி போட்டது. தலைவி சொர்ணம் எங்கெங்கோ அலைந்தும் ஓர் ஆள் குறைந்தது.

லோகநாயகியின் மகன் வேலை பார்த்த அம்பத்தூர் பட்டறையோ பூட்டிக் கிடந்தது. சங்கம் வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

"ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு குடும்பந்தானே?" என்று யோசனை சொன்னவளே லோகநாயகிதான். பின்பக்கம் மூன்று கல்லை வைத்து மருமகளைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டாள். திட்டத்தான் வாய் வரவில்லை. வனஜாவே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"அரக்கின்னு சொல்லு அத்தே."

"அவ்ளோ பெரிய வார்த்தை வேணாண்டி."

இப்போது விசாரணைக்கு வந்த ஆபீசர் சொர்ணத்தோடும் லோகநாயகியோடும் பின்பக்கம் போய், எரிகிற அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நாளா தனியா இருக்கீங்க?"

"கலியாணமாயி மறுமாசமே பிரிஞ்சிட்டோம் சார்," என்றாள் வனஜா.

"இவ கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன் சார். இவ ஒரு அரக்கி!" என்றாள் லோகநாயகி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குழம்பு பொங்கியது. வனஜா வெறுங்கையாலேயே சட்டியைப் பிடித்துவிட்டாள்.

"அய்யோ, சுடுண்டி கண்ணு! உட்ரு, உட்ரு!"

லோகநாயகி பாய்ந்து போய், முந்தானையால் சட்டியைப் பிடித்து இறக்கினாள். மருமகளின் விரல்களை வாயருகே வைத்து உஸ் உஸ் என்று ஊதினாள். நன்றாக ஊதி முடித்த பிறகுதான் ஆபீசர் நிற்பது ஞாபகம் வந்தது.

சொர்ணம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதான் சார்," என்றாள் லோகநாயகி. கண்ணில் நீர் முட்டிவிட்டது. "என்னை இன்னா வேணா சொல்லுங்க. சங்கத்தை மட்டும் தள்ளிடாதீங்க. இத்தினி பொம்பளைங்க நம்பிக்கினு கீறாங்க."

ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

"அடுப்பு ரெண்டு. குடும்பம் ரெண்டு. எல்லாம் சரியா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள்.

மொபெட் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு மேல ஒருத்தர் வந்து பார்ப்பாரும்மா. அவர் முன்னாடி இப்படிச் சண்டை போடாதீங்க, மாட்டிக்குவீங்க."

"பின்ன இன்னா சார் பண்றது?" என்றாள் லோகநாயகி.

"பேசாம இருங்க. நிஜமாவே ரெண்டு அடுப்பு எரியுற வீட்ல சத்தமே இருக்காது."

"உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

ஆபீசர் மொபெட்டைக் கிளப்பினார்.

"எங்கம்மாவும் என் சம்சாரமும் பேசி ஆறு வருஷம் ஆச்சு," என்றார். "ஆனா சட்டப்படி நாங்க ஒரே குடும்பம்!"