ஒரு ஸ்பூன் பெட்ரோல்

எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பற்கள்மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பெட்ரோலை மருந்துக் கடையில், சீட்டுக்கு ஒரு ஸ்பூன் என்று விற்ற வருடம். என் வாழைத்தோட்டம் வாடிக்கொண்டிருந்தது. கிணற்று எஞ்சினோ இருமிவிட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் பேச்சியம்மாள் வந்து கார்புரேட்டரைப் பிரித்தாள். எலுமிச்சைத் தண்ணீரில் வேகவைத்தாள். மெல்லிய செம்புக் கம்பியை ஜெட்டின் துளையில் விட்டெடுத்து, வாயால் ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பேக்கிங் கிழிந்திருந்ததால் என் கல்யாணப் பத்திரிகையை வெட்டிப் புதிதாகப் போட்டாள்.

“இப்பத்தான் இது ஒரு காரியத்துக்கு ஆச்சு, மாமா.”

“மெல்லப் பேசு தாயி, உங்க அத்தை காதுல விழுந்துரப் போகுது.”

ஸ்பூனைக் கவிழ்த்துவிட்டுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். அந்த ஒரே ஸ்பூனில் கடைசி வாழைவரை தண்ணீர் பாய்ந்தது. அப்படியொரு கையை நான் கண்டதில்லை.

அந்த வருடம் என் கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.